ஒன்று... இரண்டு... காலி!

இங்கிலாந்தில் நவம்பர் 5 வாணவேடிக்கை நாள். ஏப்ரல் 1 உலகத்துக்கே முட்டாள்கள் தினம். இந்த இரண்டு தேதிகளுக்கும் என்ன தொடர்பு என்று யாராவது என் வானொலி நிகழ்ச்சியில் புதிர் போட்டிருந்தால், நானே திருதிருவென்று விழித்திருப்பேன். வட இங்கிலாந்தின் மலைப்பண்ணைக்காரர்கள் பட்டென்று பதில் சொல்வார்கள். வெடிச்சத்தம் கேட்கும் நாளில் கிடாவை மந்தைக்குள் விட்டால், முட்டாள்கள் தினத்தன்று முதல் குட்டி வெளியே வரும். செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். ஐந்து மாதத்துக்கு ஐந்து நாள் குறைவு. நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருப்பதற்குக் காரணம் புல். மலை உச்சியில் பனி விலகி, புல் தலைகாட்ட ஏப்ரல் ஆகிவிடும். அதற்கு முன் குட்டி பிறந்தால் தாய்க்கு மேய்ச்சல் இல்லை. தாய்க்கு மேய்ச்சல் இல்லையென்றால் மடியில் பால் இல்லை.

அந்த 147 நாளில், எண்பதிலிருந்து தொண்ணூறாம் நாளுக்குள், பல மலைப்பண்ணைகளில் ஒரு முக்கியமான நாள் வரும். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அந்த நாளில் மந்தையின் எல்லாப் பெட்டை ஆடுகளுக்கும் வரிசையாக ஸ்கேன். இந்த வாரம் உங்களோடு பேச நினைத்தது அந்த நாளைப் பற்றித்தான்.

வாசலில் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு பிப்ரவரியில் நானும் கணவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு, கம்பிரியாவில் இருக்கும் 'லேக் டிஸ்டிரிக்ட்' பகுதிக்குப் போயிருந்தோம். ஏரிகளும் மொட்டை மலைகளும் கல் சுவர்களுமான அந்தப் பகுதியை 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அழகுக்காக மட்டும் அல்ல, நூற்றாண்டுகளாக அங்கே நடக்கும் ஆட்டுப் பண்ணையமும் அதற்கு ஒரு காரணம். நாங்கள் தங்கியது ஒரு பண்ணை வீட்டின் மாடி அறையில்.

இரண்டாம் நாள் பசியாறும்போது வீட்டுக்கார அம்மா கேட்டார்: "இன்று ஸ்கேன் செய்பவர் வருகிறார். பார்க்க வருகிறீர்களா?" நான் தலையாட்டுவதற்குள் அடுத்த கேள்வி. "தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா?"

எனக்குக் கல்யாணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கேள்வி என் காதில் விழாத கல்யாண விருந்து சிங்கப்பூரில் இல்லை. நம்மவர்கள் அப்படி நேராகக் கேட்க மாட்டார்கள். "ஏதும் விசேஷம் உண்டா?" என்பார்கள். கேட்கும்போதே கண் வயிற்றுக்குப் போய்விடும்.

அந்த அம்மா கேட்ட காரணம் வேறு. ஆடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் ஒரு வகைக் கிளமிடியா கிருமி உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்று இன்னொன்று. கர்ப்பிணிக்கு இவை தொற்றினால் அவர் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. அதனால் குட்டி போடும் பருவம் வந்தாலே பிரிட்டிஷ் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் எச்சரிக்கை விடும். கர்ப்பிணிகள் ஈனும் ஆட்டின் பக்கம் போகக் கூடாது, பிறந்த குட்டியைத் தூக்கக் கூடாது, நச்சுக்கொடியைத் தொடக் கூடாது. தொழுவத்தில் வேலை செய்தவரின் அழுக்கு உடையைக்கூடக் கையாளக் கூடாது. பண்ணைக்காரரின் சொந்த மனைவியே ஆனாலும் இதே விதிதான்.

"இல்லை" என்றேன். "அப்படியானால் பூட்ஸ் வாசலில் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். ஆறுதல் இல்லை, அறிவுரை இல்லை, "இந்தக் கோயிலுக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க" இல்லை.

மூன்று விநாடித் தீர்ப்பு

ஆடுகளை முதல் நாளே நாய்களை விட்டு மலையிலிருந்து இறக்கி, பட்டியில் அடைத்திருந்தார்கள். சில மணி நேரம் தீவனம் கிடையாது. வயிறு முட்டத் தின்ற ஆட்டுக்கு இரைப்பை பெருத்து, கருப்பையை மறைத்துவிடுமாம்.

ஸ்கேன் செய்பவர் தன் வண்டியிலேயே ஒரு கம்பிக்கூண்டைக் கொண்டு வந்திருந்தார். கூண்டின் பக்கத்தில் தரையோடு தரையாக ஓர் இருக்கை, முன்னால் வெயில் படாமல் மறைப்புப் போட்ட சிறு திரை. ஆடு ஒன்று கூண்டுக்குள் நுழையும். அவர் கையை நீட்டி, மடிக்கு முன்னால் கம்பளி முளைக்காத தோலில் கருவியை வைப்பார். இரண்டு மூன்று விநாடி. "ஒன்று!" என்பார். கதவு திறக்கும், ஆடு ஓடும், அடுத்தது வரும். "இரண்டு!" "ஒன்று!" "ஒன்று!" கைதேர்ந்தவர்கள் ஒரு மணி நேரத்தில் நூறு ஆடுகளுக்கு மேல் பார்த்துவிடுவார்கள்.

பக்கத்தில் நிற்பவர் கையில் சாயக் குப்பி. எத்தனை குட்டியோ அதற்கேற்ற நிறத்தில் ஆட்டின் முதுகில் ஒரு பொட்டு. எந்த நிறம் எதற்கு என்பது பண்ணைக்குப் பண்ணை மாறும். அன்று நீலப் பொட்டு வைத்தால் இரண்டு, சிவப்பு வைத்தால் காலி. ஒற்றைக் குட்டிக்குப் பொட்டே இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் குப்பி என் கைக்கு வந்துவிட்டது.

அவ்வப்போது திரையை எட்டிப் பார்த்தேன். கறுப்புக் குளம் போல் தெரிவது பனிக்குட நீர். அதில் சீப்புப் பல்லைப் போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அவை குட்டியின் விலா எலும்புகள். நம் வீட்டில் ஸ்கேன் படம் என்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மூக்கு அப்படியே தாத்தா மூக்கு" என்று பத்துப் பேர் கொண்டாடுவோம். அங்கே பண்ணைக்காரர் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு வேண்டியது எண் மட்டும்தான்.

இந்தக் கருவியின் கதையும் அந்த ஊருக்குச் சற்று வடக்கே தொடங்கியதுதான். கிளாஸ்கோவில் பேறுகால மருத்துவராக இருந்த இயன் டானல்ட், 1955இல் ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியலையால் பார்க்கும் கருவி அங்கே இருந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கையோடு கொண்டுபோய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஆலைக்காரர்கள் கொடுத்தது ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு! 1958இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையோடு கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் உலகத்துக்கு அறிமுகமானது. இரும்பில் விரிசல் பார்த்த கருவி தாயின் வயிற்றைப் பார்க்கப் போய், 1980களில் ஆட்டுப் பட்டிக்கும் வந்து சேர்ந்தது.

எண் எதற்கு?

ஆட்டின் வயிற்றில் இருப்பது ஒன்றா இரண்டா என்று முன்கூட்டியே தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஏப்ரலில் தானாகத் தெரிந்துவிடாதா?

தெரியும். ஆனால் அதற்குள் ஆடு செத்திருக்கலாம்.

வயிற்றுக் குட்டியின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. அதே ஆறு வாரத்தில் கருப்பை பெருத்து இரைப்பையை நெருக்குவதால், தாயால் முன்போல நிறைய மேயவும் முடியாது. வெளியே பனிக்காலத்துக் காய்ந்த புல். ஒரு குட்டி என்றால் எப்படியோ சமாளிக்கும். இரண்டு என்றால், தின்றது போதாமல் தன் உடம்புக் கொழுப்பையே கரைத்துக் குட்டிகளுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். அளவுக்கு மீறிக் கொழுப்பு கரைந்தால் ரத்தத்தில் நச்சு சேரும். ஆடு கூட்டத்தை விட்டு விலகி நிற்கும், கண் மங்கும், பிறகு படுத்துவிடும். படுத்த ஆட்டை எழுப்புவது கடினம். இரட்டைக் குட்டி நோய் என்றே அங்கே இதற்குப் பெயர்.

அப்படியானால் எல்லா ஆட்டுக்கும் தாராளமாகத் தீவனம் போட்டால் என்ன? அங்கேதான் சிக்கல். ஒற்றைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு அதிகம் போட்டால் குட்டி பெருத்துவிடும். ஈனும்போது தலையோ தோளோ சிக்கிக்கொள்ளும். விடியற்காலை மூன்று மணிக்கு, மழையில், யாரும் இல்லாத மலைச்சரிவில் அது நடந்தால் தாயும் போகும், குட்டியும் போகும். ஒரே அளவுத் தீவனம் ஓர் ஆட்டைப் பட்டினியால் கொல்லும், இன்னோர் ஆட்டைத் தாராளத்தால் கொல்லும்.

ஸ்கேன் வருவதற்கு முன் பண்ணைக்காரருக்கு இருந்ததெல்லாம் கையும் கண்ணும்தான். முதுகெலும்பைத் தடவிப் பார்த்து, சதை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று மதிப்பிடுவார்கள். இன்றும் அது உண்டு. ஆனால் உள்ளே எத்தனை என்று விரல் சொல்லாது. இப்போது முதுகில் இருக்கும் பொட்டைப் பார்த்தே மந்தையைப் பிரித்துவிடுகிறார்கள். இரண்டு சுமப்பவை வீட்டை ஒட்டிய நல்ல வயலுக்குப் போகும்; அவற்றுக்கு அடர்தீவனம் கூடுதல். ஒன்று சுமப்பவை திரும்ப மலைக்குப் போகும்.

ஒன்றே போதும்

'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று வாழ்த்திப் பழகிய எனக்கு ஒரு விஷயம் வியப்பாக இருந்தது. "ஒன்று!" என்று குரல் வந்தபோதுதான் அந்தப் பண்ணைக்காரரின் முகம் நிம்மதியாக இருந்தது. "மூன்று!" என்று ஒரே ஒரு தடவை வந்தது. அவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இரட்டைதான் லாபம். அங்கே புல் கொழிக்கும். மலையில் ஒரு தாய் ஒரு குட்டியைத்தான் நன்றாக வளர்க்க முடியும். அது மட்டுமல்ல, செம்மறியாட்டுக்குக் காம்பு இரண்டே இரண்டு. மூன்றாவது பிறந்தால் அது எப்போதும் அரை வயிற்றுக் குட்டிதான்.

அதற்கும் ஸ்கேன் ஒரு வழி காட்டுகிறது. மூன்று சுமக்கும் ஆடு எது, அதே வாரத்தில் ஒற்றைக் குட்டி ஈனப்போகும் ஆடு எது என்று தெரிந்தால், மூன்றாவதைத் தத்துக் கொடுக்கத் தயாராக இருக்கலாம். ஒற்றைக் குட்டி வெளியே வரும் அதே நேரத்தில் இந்தக் குட்டியையும் அந்தப் பனிக்குட நீரில் புரட்டி, தாயின் மூக்குக்கு முன்னால் போடுவார்கள். தாய் இரண்டையும் நக்கும். வாசனை ஒட்டிக்கொண்டால் உறவும் ஒட்டிக்கொள்ளும். பிறந்த குட்டி செத்துப்போன தாய் என்றால் இன்னும் பழைய முறை ஒன்று உண்டு. செத்த குட்டியின் தோலை உரித்து, அநாதைக் குட்டிக்குச் சட்டை போல மாட்டிவிடுவார்கள். கேட்கும்போது மனசுக்கு என்னவோ போலத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தோலால் ஒரு குட்டிக்குச் சீம்பால் கிடைக்கிறது.

மலைக்குத் திரும்பும் ஆடுகள் வேலியில்லாத இடத்தில் எப்படி வழி தவறாமல் இருக்கின்றன என்றும் கேட்டேன். ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் தனக்கென்று ஒரு பங்கு உண்டு. குட்டி தாயின் பின்னால் நடந்தே எல்லையைக் கற்றுக்கொள்ளும். எங்கே ஒதுங்கலாம், எங்கே தண்ணீர், எங்கே சகதி என்பதெல்லாம் தாய் வழிச் சொத்து. 2001இல் கோமாரி நோய் வந்து, பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. மிக மோசமாக அடிபட்ட பகுதி கம்பிரியாதான். ஆட்டை வேறு எங்கிருந்தும் வாங்கிவிடலாம். மலையை அறிந்த ஆட்டைச் சந்தையில் வாங்க முடியாது. அதனால்தான் அந்தப் பட்டியில் ஒவ்வொரு பெட்டை ஆட்டின் வயிறும் இவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுகிறது. அடுத்த ஆண்டு மலைக்கு வழி காட்டப்போவது அந்த வயிற்றில் இருப்பதுதான்.

"காலி!"

எனக்கு உறுத்திய சொல் இதுதான். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒன்று, இரண்டு, காலி, ஒன்று." நான் சிவப்புப் பொட்டு வைத்தேன். முதல் இரண்டு மூன்று தடவை கை கொஞ்சம் தயங்கியது.

மதியத்துக்குள் சிவப்புப் பொட்டுகள் வழக்கத்தைவிட அதிகமாகிவிட்டன. பண்ணைக்காரர் ஆடுகளைத் திட்டவில்லை. ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

நவம்பரில் கிடாவை விடும்போதே அங்கே ஒரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. கிடாவின் நெஞ்சில் சாயம் பூசி விடுவார்கள். அது எந்தப் பெட்டையோடு சேர்ந்ததோ அந்த ஆட்டின் பின்புறத்தில் சாயம் ஒட்டும். பெட்டை ஆட்டுக்குப் பருவச் சுழற்சி 17 நாள். அதனால் ஏறத்தாழ 17 நாளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றுவார்கள். சிவப்பு ஒட்டிய ஆட்டில் பிறகு பச்சையும் ஒட்டியிருந்தால், முதல் தடவை சினை பிடிக்கவில்லை என்று பொருள். ஒன்றிரண்டு ஆட்டுக்கு அப்படி ஆனால் இயல்பு. ஒரு கூட்டமே அப்படி ஆனால் சந்தேகம் கிடாவின் மேல்.

நோட்டைப் பார்த்ததில், சிவப்புப் பொட்டு வாங்கியவற்றில் பெரும்பாலானவை ஒரே வயலில் ஒரே கிடாவோடு இருந்தவை. அந்தக் கிடாவுக்கு இலையுதிர் காலத்தில் உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. ஆட்டுக்கிடாவின் விந்து உருவாகி முதிர ஏழெட்டு வாரம் பிடிக்கும். செப்டம்பரில் வந்த காய்ச்சல் நவம்பரில் கணக்குத் தீர்க்கும். "மருத்துவரைக் கூப்பிட்டு முதலில் இவனைப் பார்க்கச் சொல்ல வேண்டும்" என்றார்.

காலி என்று வந்தால் அவர்கள் தேடும் காரணங்களின் பட்டியல் நீளமானது. கிடா நன்றாக இருந்ததா? அப்போது மேய்ச்சல் போதுமானதாக இருந்ததா? ஈரலில் புழு இருக்கிறதா? டாக்ஸோபிளாஸ்மா போன்ற தொற்று மந்தைக்குள் வந்துவிட்டதா? இத்தனையும் பார்த்த பிறகுதான் அந்த ஆட்டிடம் குறை இருக்குமோ என்ற கேள்வி.

இதில் கனிவைத் தேடி மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. வயதான ஆடு காலியென்றால் அது சந்தைக்குத்தான் போகும். இளைய ஆட்டுக்கு வேண்டுமானால் இன்னோர் ஆண்டு வாய்ப்புக் கிடைக்கலாம். மலைப்பண்ணையில் லாபம் குறைவு, தீவனம் விலை அதிகம். அவர் ஈரநெஞ்சத்தால் நோட்டைப் புரட்டவில்லை. தவறான இடத்தில் குறையைத் தேடினால் அடுத்த ஆண்டும் நட்டம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

கேட்பவருக்கு ஒரு கேள்வி

சில மாதங்களுக்கு முன் என் மதிய நிகழ்ச்சிக்கு, பெயர் சொல்ல விரும்பாத நேயர் ஒருவர் அழைத்திருந்தார். கல்யாணமாகி எட்டு ஆண்டுகள். அவருக்கு எடுக்காத பரிசோதனை இல்லை. கணவருக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை. "எங்க பையனுக்கு என்ன குறை?" என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறாராம். நேரலை முடிந்த பிறகும் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "நான்தான் குறைன்னு எழுதிக் கொடுத்துட்டாக்கூட நிம்மதியா இருக்கும்" என்றார்.

மருத்துவர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லி வருவதுதான்: காரணம் ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், எவரிடமும் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். இருவரும் ஒன்றாகப் போய்ப் பார்ப்பதுதான் முதல் படி. மனிதர்களை ஆட்டோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டும் அந்தப் பழக்கத்தை மட்டும் கடன் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மலையில் வயிற்றைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்று என்றால் மலைக்கு, இரண்டு என்றால் வயலுக்கு, காலி என்றால் காரணம் தேடு. பதில் எதுவானாலும் அடுத்து யாரோ ஒருவர் எழுந்து ஏதோ ஒன்றைச் செய்தார்கள். நம் கல்யாண விருந்துகளில் கேட்கப்படும் "விசேஷம் உண்டா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும் நாம் என்ன செய்கிறோம்? 'உண்டு' என்றால் அடுத்த மேசைக்குச் சொல்கிறோம். 'இல்லை' என்றாலும் அடுத்த மேசைக்குத்தான் சொல்கிறோம்.

எனவே என் சிறிய வேண்டுகோள். அடுத்த முறை வாய் வரைக்கும் அந்தக் கேள்வி வரும்போது, பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு விநாடி யோசியுங்கள். ஆறு வாரம் சமைத்துக் கொடுக்கப் போகிறீர்களா? மருத்துவமனைக்குத் துணையாகப் போகப் போகிறீர்களா? அப்படியானால் தாராளமாகக் கேளுங்கள். இல்லையென்றால், பந்தியில் பாயசம் நன்றாக இருக்கிறது. அதைப் பற்றிப் பேசலாம்.

இது மார்ச் மாதம். கம்பிரியாவில் கடைசி ஆறு வாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீலப் பொட்டுக்காரிகளுக்குக் காலையிலும் மாலையிலும் தீவன மூட்டை அவிழ்ந்துகொண்டிருக்கும். பள்ளி விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகத் திட்டமிட்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு சேதி: குட்டி பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள், பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். உங்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால் அவர் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், தூரத்திலேயே நின்றுகொள்ளட்டும். அங்கே யாராவது உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால், முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.